அந்தத் தண்ணீர் திரும்பி வருமா? – சிறுவர்க்கு நீர்ச்சுழற்சி

மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்டால் தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் ஒரு படத்தை வரைந்துவிடுவர். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை, மேலே சிரிக்கும் சூரியன், பக்கத்தில் ஒரு மேகம், இவற்றைச் சுற்றி நான்கு அம்புக்குறிகள். நானும் அப்படித்தான் வரைந்தேன். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது அதே படம் மலாய்மொழியில் மீண்டும் வந்தது. ஆவியாதல் ‘பெஞெஜாத்தான்’ ஆனது. நீர்ச்சுழற்சி ‘கித்தாரான் ஆயர்’ ஆனது. சொற்கள் மாறினவே தவிர, அம்புக்குறிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டு மொழியிலும் முழு மதிப்பெண் வாங்கினேன். ஆகவே, நீர்ச்சுழற்சி எனக்குத் தெரியும் என்றே நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை அசைத்தது ஒரு சிறுவனின் கேள்வி.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூரில் பெருவெள்ளம் ஏற்பட்டது. சிகாமட், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் 40,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டுத் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. பத்து பகாட்டில் சில இடங்களில் வெள்ளம் வடிவதற்கே பல வாரங்கள் ஆயின. வெள்ளம் வடிந்தபின், எங்கள் தமிழ்மொழிக் கழகத்தினர் சிலர் அப்பகுதித் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் புத்தகப்பைகளுடன் சென்றோம். ஒரு மணி நேரம் அறிவியல் பாடம் நடத்தும் பொறுப்பு எனக்கு. எனக்குத் தெரிந்த பாடத்தையே தேர்ந்தெடுத்தேன். வெண்பலகையில் கடலும் மலையும் வரைந்து, அம்புக்குறிகளைப் போட்டு, “நீர் அழிவதில்லை, சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்” என்று முடித்தேன்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் கையை உயர்த்தினான்.

“அக்கா, எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணியும் சுத்திட்டுத் திரும்பி வருமா?”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் சுவரில், ஏறக்குறைய அவன் தோள் உயரத்தில், வெள்ளம் விட்டுச்சென்ற பழுப்புக் கோடு இருந்தது. நான், “வராது தம்பி, அது கடலுக்குப் போயிடுச்சு” என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. நான் சற்று முன்னர்ச் சொன்ன பாடத்திற்கே அது முரணான பதில். திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலே இக்கட்டுரை. தம்பி தங்கைகளுக்கோ, சேவைக்காகச் செல்லும் பள்ளிகளிலோ இப்பாடத்தைக் கற்பிக்கும் நண்பர்களுக்கும் இது பயன்படலாம்.

1. ஆவியாதல்: கொதிக்காமலேயே மறையும் நீர்

‘ஆவி’ என்றதும் பிள்ளைகள் ‘பேய்’ என்று கூச்சலிடுவார்கள். தடுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நம்மைச் சுற்றியே இருக்கும் என்ற பொருளில் அது நல்ல தொடக்கமே ஆகும். சோற்றுப் பானையிலிருந்து வெண்மையாக எழுவதைத்தான் நாம் ஆவி என்கிறோம். உண்மையில் அந்த வெண்மை நீராவியன்று. அது குளிர்ந்து மீண்டும் நீராகிவிட்ட நுண்துளிகளின் கூட்டம். அசல் நீராவிக்கு நிறமில்லை. கொதிக்கும் கெண்டியின் வாய்க்கும் வெண்புகைக்கும் இடையே ஒரு சிறு வெற்றிடம் தெரிகிறதே, அங்கேதான் அது இருக்கிறது. (இதைத் தள்ளி நின்று மட்டும் காட்டவேண்டும்.)

நீர் ஆவியாகக் கொதிக்க வேண்டும் என்பது பிள்ளைகளிடம் உள்ள பொதுவான தவறான எண்ணம். 100 பாகை செல்சியஸில் நீர் கொதிக்கும் என்று படித்ததால் வரும் குழப்பம் இது. இதனைப் போக்கப் பள்ளித் திடல் போதும். மழை விட்டதும் தேங்கிய நீரைச் சுற்றி வெண்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். அரைமணிக்கு ஒருமுறை புதிய கோடு. ஓய்வு நேரத்திற்குள் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிவரும். நீரை யாரும் கொதிக்க வைக்கவில்லை. நீரின் மேற்பரப்பிலுள்ள துகள்களுள் வேகமானவை வெயிலின் வெப்பத்தால் விடுபட்டுக் காற்றில் கலக்கின்றன. கொடியில் துணி காய்வதும் இப்படித்தான்.

உலகில் ஆவியாகும் நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய 86 பங்கு கடல்களிலிருந்து எழுகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுவதால் மழைநீர் உவர்ப்பதில்லை. எஞ்சியது ஆறு, குளம், ஈரமண், மரம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. மரங்கள் வேர்வழி உறிஞ்சிய நீரை இலைகளிலுள்ள நுண்துளைகள்வழி வெளிவிடுகின்றன. செடியின் ஒரு கிளையை ஒளி புகும் நெகிழிப் பையால் மூடிக் கட்டினால், சில மணி நேரத்தில் பையின் உட்புறம் துளிகள் அரும்பும். ஆகவே நம் படத்தில் அம்புக்குறி கடலிலிருந்து மட்டும் எழக்கூடாது. செம்பனைத் தோட்டத்திலிருந்தும் காட்டிலிருந்தும் எழவேண்டும்.

2. மேகம்: மைலோ கோப்பை கற்பிக்கும் பாடம்

ஐஸ் மைலோ நிறைந்த கண்ணாடிக் கோப்பை ஒன்றை மேசைமீது வையுங்கள். சிறிது நேரத்தில் வெளிப்புறம் முழுதும் துளிகள். இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பாதிப் பேர் “உள்ளேயிருந்து கசிந்தது” என்பார்கள். “அப்படியானால் துளி ஏன் மைலோ நிறத்தில் இல்லை?” என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகும். காற்றிலிருந்த கண்காணா நீராவி, குளிர்ந்த கோப்பையைத் தொட்டதும் நீராகிவிட்டது. இதுவே ஆவி சுருங்குதல். மனப்பாடம் செய்த பெயரைவிட, விரலால் தொட்ட அந்த ஒரு துளி பிள்ளைகளின் நினைவில் நிற்கும்.

வானத்தில் ஐஸ் கோப்பை இல்லை. ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 பாகை குறையும். 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் உச்சி, அடிவாரத்தைவிட ஏறக்குறைய 8 பாகை குளிர்ந்திருக்கக் காரணம் இதுவே. மேலெழுந்த நீராவி, காற்றில் மிதக்கும் தூசு, கடலுப்புத் துகள் முதலியவற்றின்மீது படிந்து நுண்துளியாகிறது. இத்தகைய கோடானுகோடித் துளிகளின் கூட்டமே மேகம். மேகம் பஞ்சுமன்று, புகையுமன்று, அதுவும் நீரே.

3. மழை: பத்து இலட்சம் துளிகள் சேர்ந்தால்

மேகங்கள் மோதிக்கொள்வதால் மழை பெய்கிறது என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று. மேகத்துளி மிகச் சிறியது; அதன் குறுக்களவு ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். காற்று அதனை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, காற்றால் தாங்க முடியாத எடையை அடையும்போதே விழுகின்றன. 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றில் ஏறக்குறைய பத்து இலட்சம் மேகத்துளிகள் அடங்கியுள்ளன.

நம் ஜொகூருக்கு இந்த மழை எங்கிருந்து வருகிறது? கிழக்கே தென்சீனக் கடல். மேற்கே மலாக்கா நீரிணை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலைக் கடந்து வரும் வழியெல்லாம் நீராவியை அள்ளிக்கொண்டு வந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலும் தெற்கிலும் கொட்டுகிறது. தமிழகத்தில் ஆண்டிறுதி மழையைத் தருவதும் வடகிழக்குப் பருவக்காற்றுதான். ஆனால் அங்கு அது வங்கக் கடலின் நீரைச் சுமந்து செல்கிறது.

மழையளவை மில்லிமீட்டரில் சொல்வதால் பிள்ளைகளுக்கு அதன் எடை புரிவதில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் நீர். 9 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடைய வகுப்பறையின் கூரைமீது ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,300 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பிடித்தால் 420 வாளி! இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். பிறகு, “இத்தனை வாளித் தண்ணீரும் எங்கே போகும்?” என்று கேளுங்கள். நம் படம் பதில் சொல்லாமல் விட்ட இடம் இதுதான்.

4. நிலம்: படத்தில் விடுபட்ட பகுதி

பாடநூற்படத்தில் மழை மலைமீது பெய்து, ஆறாகி, நேரே கடலுக்குப் போய்விடும். இடையில் வீடில்லை, தோட்டமில்லை, லோங்காங் இல்லை. உண்மையில், நீர்ச்சுழற்சியில் மனிதனுக்கு நன்மையும் தீமையும் நிகழும் இடம் நிலமே.

பாத்திரம் கழுவும் பஞ்சு இரண்டும் ஒரு தட்டும் போதும். ஒரு பஞ்சு காய்ந்தது. மற்றொன்று முன்பே நனைந்தது. மூன்றின்மீதும் ஒரே அளவு நீரை ஊற்றுங்கள். காய்ந்த பஞ்சு குடித்துவிடும். நனைந்த பஞ்சு கொஞ்சம் குடித்து மீதியைக் கக்கும். தட்டு அனைத்தையும் அப்படியே வழியவிடும். காய்ந்த பஞ்சு என்பது மரஞ்செடிகள் நிறைந்த நல்ல மண். நனைந்த பஞ்சு தொடர்மழையில் ஊறிய மண். தட்டு என்பது சிமெண்டும் தார்ச்சாலையும்.

இந்தச் சோதனை என் வீட்டுக் கதையையே எனக்கு விளக்கியது. நாங்கள் கோத்தா திங்கியில் இருந்தவர்கள். 2006 டிசம்பரில் ஜொகூர் ஆறு பெருகி ஊரை மூழ்கடித்தபோது எனக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அம்மா என்னை இடுப்பில் சுமந்து துயர்துடைப்பு மையத்திற்குச் சென்றாராம். வெள்ளம் வடிந்தபின் திரும்பி வந்து, சேற்றை வாரி, சுவர் சுவராகக் கழுவி, பாயைக் காயப்போட்டு முடித்தார்கள். ஒரு மாதம் ஆகவில்லை. 2007 ஜனவரியில் மீண்டும் வெள்ளம். இம்முறை கோத்தா திங்கியில் ஆறு ஐந்து மீட்டருக்கும் மேல் ஏறி, முன்னதையும் மிஞ்சியது. இரு வெள்ளங்களிலும் ஜொகூர் முழுவதும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். “கழுவி வெச்ச வீட்டுக்கே மறுபடியும் வந்துச்சு” என்று அம்மா இன்றும் சொல்வார். டிசம்பர் மழையிலேயே மண் நனைந்த பஞ்சாகிவிட்டது. ஜனவரி மழை வந்தபோது குடிப்பதற்கு இடமில்லை.

ஆற்றின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஜொகூர் ஆறு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடித் தெற்கே கடலில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதி தாழ்வானது. கடலலை ஏற்றம் அங்கே எட்டும். கனமழையும் கடலேற்றமும் ஒன்றாக வந்தால், ஆற்று நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். மேற்கு ஜொகூரில் பொந்தியான், பத்து பகாட் பகுதிகளில் வேறொரு நிலைமை. அங்கே, மட்காத இலைதழைகள் பன்னூறு ஆண்டுகளாகச் சேர்ந்து உருவான கறுப்புச் சதுப்புமண் உண்டு. மலாயில் இதைத் ‘தானா காம்புட்’ என்பர். பெரும்பகுதி நீரையே தன்னுள் வைத்திருக்கும் இயற்கைப் பஞ்சு அது. பயிரிடக் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அம்மண் சுருங்கி, நிலமே தாழ்ந்துபோகிறது. தாழ்ந்த நிலத்திலிருந்து வெள்ளம் கடலுக்கு வடிவது மேலும் கடினமாகிறது.

5. காத்திருக்கும் நீர்

வட்டத்தில் அம்புக்குறி போட்டால், நீர் நில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். ஆனால் நீர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. சராசரிக் கணக்கு இது:

• காற்றில் நீராவியாக: ஏறக்குறைய 9 நாள்
• ஆற்றில்: சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை
• நிலத்தடியில்: சில நாள்கள் முதல் பல்லாயிரம் ஆண்டுகள் வரை
• கடலில்: ஏறக்குறைய 3,000 ஆண்டுகள்

உலக நீரில் ஏறக்குறைய 97 விழுக்காடு உப்புநீர். எஞ்சிய நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாய் உறைந்துள்ளது; மீதியில் பெரும்பகுதி நிலத்தடியில். நாம் குழாயில் பிடிக்கும் ஆற்றுநீர் மிக மிகச் சிறிய பங்கே.

ஆகவே, ஓரிடத்தில் நீர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதே வெள்ளத்தையும் வறட்சியையும் முடிவுசெய்கிறது. காட்டில், சதுப்பில், மண்ணில் சற்று நின்று நிதானமாக இறங்கினால் அது ஊற்று. எங்கும் நிற்காமல் ஒரேயடியாக வந்தால் அது வெள்ளம். வந்த வேகத்தில் ஓடிவிட்டால் பிறகு வறட்சி. ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் மழை பெறும் ஜொகூரிலும் குடிநீர்ப் பங்கீடு நடந்ததுண்டு. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்கு வறண்டது. பக்கத்தில் இருக்கும் ஆற்றில் நீர் குறையும்போது, இந்தத் தேக்கத்திலிருந்து நீரைத் திறந்துவிட்டுக் கடலின் உப்புநீர் மேலேறி வராமல் தடுக்கிறார்கள். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 2061 வரை சிங்கப்பூர் இந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி ஜொகூருக்கே திரும்புகிறது. பயன்படுத்திய நீரையும் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் ‘நியூவாட்டர்’ திட்டத்தைச் சிங்கப்பூர் 2003-இல் தொடங்கியது. எனவே குழாய்களும் எல்லைப் பாலமும்கூட நம் நீர்ச்சுழற்சிப் படத்தில் இடம்பெற வேண்டியவை.

6. தமிழர் கண்ட சுழற்சி

இந்தச் சுழற்சி நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பொருள் வந்து இறங்குவதற்கும் ஏறிச் செல்வதற்கும், மேகம் முகந்த நீர் மலையில் பொழிவதும் அது மீண்டும் கடலில் பரவுவதும் உவமையாக வருகின்றன. அந்தத் துறைமுகத்தில் பொருள்கள் வந்துபோவதோடு, மூட்டைகளாகக் குவிந்தும் கிடக்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரமாகவே வான்சிறப்பை வைத்தார். அதன் ஏழாம் குறள், மேகம் தான் பெற்றதைத் திரும்பத் தராவிட்டால் பெருங்கடலும் குறையும் என்ற கருத்தைச் சொல்கிறது. ஐரோப்பாவில் 1674-இல் பியேர் பெரோ என்பவர், சென் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழை அவ்வாற்றில் ஓடும் நீரைவிடப் பன்மடங்கு அதிகம் என்று கணக்கிட்டுக் காட்டினார். நம் புலவர்கள் அளவெடுத்துச் சொல்லவில்லை. கூர்ந்து பார்த்துச் சொன்னார்கள். அளப்பதைப் பள்ளியிலும் பார்ப்பதை இலக்கியத்திலும் கற்கும் வாய்ப்பு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு.

7. அந்தச் சிறுவனுக்கு

இனி அவன் கேள்விக்கு வருவோம். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்:

“தம்பி, உங்க வீட்டுக்குள்ள வந்த அதே தண்ணி இந்நேரம் சிதறிப் போயிருக்கும். கொஞ்சம் வெயில்ல ஆவியாகி, ஒன்பது பத்து நாள்ல வேற எங்கேயோ மழையா விழுந்திருக்கும். கொஞ்சம் மண்ணுக்குள்ள இருக்கும். மீதி கடல்ல, அதுல பெரும்பகுதி மூவாயிரம் வருசம் அங்கேயே இருக்கலாம். அதே தண்ணி அப்படியே சேர்ந்து உங்க வீட்டைத் தேடி வராது. ஆனா வேற தண்ணி வரலாம். மழைக்காலம் வருசா வருசம் வரும். ஆறும் அங்கேயேதான் இருக்கும். அது எவ்வளவு உயரம் ஏறும்ங்கிறது மழையை மட்டும் பொறுத்ததில்ல. மண்ணு எவ்வளவு குடிக்கும், லோங்காங் அடைச்சிருக்கா, ஆத்தோரம் என்ன கட்டியிருக்காங்க, இதையும் பொறுத்தது. அதனால நவம்பர் வந்தா புத்தகப்பையை மேல் தட்டுல வை. பிறப்புப் பத்திரத்தை நெகிழிப் பையில போட்டு வைக்கச் சொல்லி அம்மாகிட்ட ஞாபகப்படுத்து.”

ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யைவிட இது அவனுக்கு உதவியிருக்கும். வெள்ளத்தை நேரில் பார்த்த பிள்ளையிடம் வெறும் வட்டத்தை வரைந்துகாட்டி முடித்துவிட்டேன். அவன் அந்த வட்டத்தில் தன் வீட்டைத் தேடியிருக்கிறான், காணவில்லை.

கழகத்தின் இளைய உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்பாடத்தை நடத்தும்போது படத்தை நீங்கள் வரையாதீர்கள். கடலும் மலையும் மட்டும் போட்டுவிட்டு, நடுவிலுள்ள இடத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் வீடு, பள்ளி, கோயில், தோட்டம், பாலம் ஆகியவற்றை வரையட்டும். பிறகு, மழைநீர் ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு வேறொரு பள்ளியில் நான் அப்படிச் செய்து பார்த்தேன். ஒரு சிறுமி தன் வீட்டை வரைந்து, அதற்கு நீண்ட கால்கள் போட்டாள். “கம்போங் வீடு மாதிரி, அக்கா. தண்ணி கீழே போகட்டும்” என்றாள். இந்த மண்ணின் மலாய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தூண்கள்மேல் வீடு கட்டி வாழ்ந்த காரணங்களுள் ஒன்றை, நான் கற்பிக்காமலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.